அவுகளுக்கு ஒரு எஸ்

அந்த யோசனை எனக்கு வந்த இடம் டவுண் பஸ். ஜங்ஷனில் ஏறியிருந்தேன். ஈரடுக்கு மேம்பாலத்துக்கு முன்னாலேயே வண்டி நின்றுவிட்டது. உட்கார இடமில்லை. எனக்கு முன்னால் ஒரு அம்மா, ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியபடி பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எதிர்முனையில் கேட்டிருப்பார்கள் போல. இந்த அம்மா நிதானமாகப் பதில் சொன்னார்.

"அவுக தூங்குதாவ. அவன் தூங்குதான். பூனை தூங்குது. நான் ஒருத்திதான் பஸ்ஸுல தொங்குதேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் எனக்குள் என்னவோ பொறி தட்டிவிட்டது. தூங்குதாவ, தூங்குதான், தூங்குது, தொங்குதேன். ஒரே மூச்சில் நிகழ்காலம் முழுவதையும் ஒப்பித்துவிட்டார் அந்த அம்மா. புருஷனுக்கு ஒரு வால், மகனுக்கு ஒரு வால், பூனைக்கு ஒரு வால், தனக்கு ஒரு வால். யாருக்கு எந்த வாலை ஒட்டவேண்டும் என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

இதையே ஆங்கிலத்தில் சொன்னால்? ஐ ஸ்லீப். யூ ஸ்லீப். தே ஸ்லீப். ஹீ, ஷீ, இட் மட்டும் ஸ்லீப்ஸ். அவ்வளவுதான். மொத்தத்துக்கும் ஒரே வால், எஸ். இத்தனை வால்களைத் தினமும் தப்பில்லாமல் ஒட்டுகிற நாக்குக்கு அந்த ஒற்றை எஸ் எம்மாத்திரம்? எம்.ஏ. ஆங்கிலம் என்று இரண்டு வருஷம் படித்தும் எனக்கு இது தோன்றியதில்லை. பாலத்தில் ஏறி பஸ் டவுணுக்குள் திரும்புகிறவரை நான் மனசுக்குள் வினைச்சொற்களை வரிசையாக நிறுத்தி வால் ஒட்டிக்கொண்டே வந்தேன். இறங்கவேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டு, அடுத்ததில் இறங்கி, வேர்க்க விறுவிறுக்க நடந்தேன். யாரிடம் சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும். மதினியிடம்.

மதினி என்றால் என் அண்ணனின் மனைவி. அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறான். ஏ.சி. பழுது பார்க்கிற வேலை. கல்யாணத்துக்கு வந்தவன் லீவு முடிந்து திரும்பிப் போனபோது மதினியின் கையில் மருதாணிச் சிவப்பு முழுதாக மாறியிருக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் வந்து போனான். குடும்பத்தை அழைத்துக்கொள்ள அங்கே ஒரு சம்பளக் கணக்கு உண்டு. அண்ணனுடைய சம்பளம் அதைத் தொடவில்லை. நான்கு பேரோடு ஒரே அறையில், அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்திருக்கிறான்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. அண்ணன் ஏ.சி. மாட்டப் போன ஒரு இந்தியப் பள்ளிக்கூடத்தில், சின்ன வகுப்புகளுக்குக் கணக்கு டீச்சர் வேண்டுமாம். மதினி பி.எஸ்ஸி. கணிதம், பி.எட். அந்த வேலை கிடைத்தால் மதினிக்குத் தனியாக விசா. இரண்டு பேர் சம்பளத்தில் ஒரு சின்ன வீடு எடுத்துக்கொள்ளலாம். தாள்கள் எல்லாம் அனுப்பியாயிற்று, அங்கேயிருந்து சரி என்றும் சொல்லிவிட்டார்கள். இனி பாக்கி ஒரு நேர்காணல்தான். வீடியோவில். ஆங்கிலத்தில்.

மதினி நாங்குநேரிப் பக்கத்துப் பெண். பள்ளி முழுக்கத் தமிழ்வழி. ஆங்கிலத்தை வாசிப்பார், பரீட்சைக்கு எழுதியிருக்கிறார். வாய்விட்டுப் பேசியதில்லை. பேசச் சொன்னால் முதல் வார்த்தையிலேயே நின்று, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வேண்டாம் பிள்ள" என்பார். எனக்கோ யாருக்காவது எதையாவது சொல்லிக் கொடுக்காமல் இருக்க முடியாது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் இருந்துகொண்டு, அதைத் தவிர எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்த நாட்கள் அவை. பஸ்ஸில் வந்த யோசனையோடு மாடி ஏறியபோது மதினி துணி மடித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். தூங்குதாவ, தூங்குதான், பூனை, வால், எஸ்.

மதினி ஒரு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். பிறகு ஒரு சந்தேகம் கேட்டார். பாய் என்றால் ஒருத்தன், பாய்ஸ் என்றால் நிறைய பேர். அங்கே எஸ் வந்தால் கூட்டம். இங்கே எஸ் வந்தால் ஒற்றை ஆளா? இது என்ன கணக்கு?

நல்ல கேள்வி. நான் கொஞ்சமும் அசராமல், இருப்பது ஒரே ஒரு எஸ், அது பெயரில் போய் உட்கார்ந்துவிட்டால் வினைக்குக் கிடையாது, பெயரில் இல்லாவிட்டால் வினைக்கு வரும் என்றேன். இலக்கணப் புத்தகம் எழுதியவர்கள் கேட்டால் அடிக்க வருவார்கள். ஆனால் மதினிக்குப் பிடித்துவிட்டது. அவர் கணக்குக்காரர். அதை உடனே ஒரு சூத்திரமாக மாற்றிக்கொண்டார். தலையை எண்ணு. நான், நீ இரண்டையும் தள்ளிவை. மிச்சத்தில் ஒரு தலை என்றால் எஸ். ஒன்றுக்கு மேல் என்றால் எஸ் இல்லை.

"இவ்வளவுதானா பிள்ள? இதுக்கா இத்தனை வருஷம் பயந்து கெடந்தேன்?"

அந்த வாரம் எங்கள் மாடியில் எஸ் சத்தம்தான். மாடி ஜன்னலிலிருந்து தெருவைப் பார்த்தபடி மதினி தலைகளை எண்ணுவார். எதிர்வீட்டுப் பையன் சைக்கிள் ஓட்டுகிறான், ஒரு தலை, ஹீ ரைட்ஸ். தையல்கடைப் பெண் துணி தைக்கிறாள், ஒரு தலை, ஷீ ஸ்டிச்சஸ். அல்வாக் கடை வாசலில் கூட்டம் நிற்கிறது, தே ஸ்டாண்ட். மாடு ஒன்று வருகிறது, இட் கம்ஸ். தப்பே வரவில்லை. கீழேயிருந்து அம்மா, "என்னட்டி ரெண்டு பேரும் மாடியில பாம்பு மாதிரி ஸ்ஸு ஸ்ஸுங்கிய" என்று சத்தம் போட்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் போன் பண்ணுவான். மதினி தமிழில் அவனிடம், "சாப்பிட்டீயளா, தூங்குனீயளா" என்றுதான் பேசுவார். ஆங்கிலத்தில் 'யூ' என்கிற சொல் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நீயும் அதுதான், நீங்களும் அதுதான். யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஒருநாள் போனில், "டூ யூ ஸ்லீப் வெல்?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்குத் தானே வெட்கப்பட்டு போனை என்னிடம் தந்துவிட்டார். எதிர்முனையில் அண்ணன், "ஏட்டி, என்னத்தட்டி சொல்லிக் குடுத்த? நல்லாத்தான் இருக்கு" என்றான்.

அதற்கு மறுநாள் ஒரு வீட்டின் வீடியோவை அனுப்பினான். ஒற்றை அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையலறை. சமையலறையில் ஜன்னல் இருந்தது. மதினி அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். அடுப்புத் திண்டு குட்டையாக இருக்கிறது, தோசைக்கல்லை எங்கே சாய்த்துவைப்பது என்று என்னிடம் கேட்டார். வேலை கிடைத்த மாதிரியே இருவரும் பேசிக்கொண்டோம்.

இடறியது ஒரு காலைச் சாப்பாட்டில். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சாப்பிடும்போது பத்திரிகையை மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து வாசிப்பது வழக்கம். பூனை அவர் காலடியில் உட்கார்ந்து தன் பங்கைத் தின்றுகொண்டிருந்தது. வால் கதையை அப்பாவிடம் ஏற்கனவே அளந்திருந்த நான் பெருமையாக, மதினி எவ்வளவு தேறிவிட்டார் பாருங்கள் என்று, இங்கே என்ன நடக்கிறது, சொல்லுங்கள் மதினி என்றேன். மதினி சட்னிக் கிண்ணத்தோடு நின்றபடி மெதுவாகச் சொன்னார். "தி கேட் ஈட்ஸ். ஹீ ஈட்ஸ்."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் 'ஹீ' என்றால் அவன். "யாரைச் சொல்லுதா?" என்றாள். அதட்டவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

அப்பா பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கினார். "என்னையத்தான் சொல்லுதா. அப்போ எனக்கும் பூனைக்கும் ஒரே வாலாம்மா? ஈட்ஸ், ஈட்ஸ்? ஊரையே ஆண்ட வெள்ளைக்காரன் பாஷையில ஒரு 'சாப்பிடுதாவ' கெடையாதாக்கும்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பாவுக்கும் சிரிப்பு. பூனைக்கு இன்னொரு துண்டு இட்லி கிடைத்தது. மதினி சிரிக்கவில்லை. சட்னியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதை நான் பார்த்தேன். பார்த்தும், வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குப் பிறகு மதினியின் வாயில் அப்பாவுக்கு 'ஹீ' வரவில்லை. அப்பாவுக்கு வராதது அண்ணனுக்கும் வராமல் போனது. எதிர்வீட்டுப் பையன் ஹீ, ஆட்டோக்காரர் ஹீ, ஆனால் அண்ணன் என்று வந்தால் வாய் ஒரு கணம் நின்று, 'தே' என்று வழுக்கியது. அது மனசுக்குள் ஓடுகிற 'அவுக'. மதினிக்கு ஹீ, தே இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் இல்லை. கேட்டால் சொல்வார். "தெரியுது பிள்ள. வாய் வர மாட்டேங்கு" என்றார். அத்தையும் மாமாவும் கீழே இருக்கும்போது, அவர்கள் மகனை எப்படி அவன் என்று சொல்வது?

எனக்கு உடனே அடுத்த யோசனை வந்தது. எனக்கு யோசனைக்கா பஞ்சம்! ஹீயும் வேண்டாம், தேயும் வேண்டாம் மதினி, 'மை ஹஸ்பண்ட்' என்றே சொல்லுங்கள் என்றேன். மை ஹஸ்பண்ட் ஒர்க்ஸ். மை ஹஸ்பண்ட் லிவ்ஸ். ஒரு தலை, ஒரு எஸ். மரியாதைக்கும் குறைவில்லை. மதினி முகம் தெளிந்தது. அந்த வாக்கியங்களை அவர் சாமிக்கு விளக்கேற்றும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஒருமுறை 'மை ஹஸ்பண்ட்' என்று சொன்னவர், அடுத்த வாக்கியத்தில் என்ன சொல்வார் என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வாக்கியமாகக் கேட்டேன், ஒவ்வொன்றும் சரியாக இருந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது.

நேர்காணல் அன்று மாடி அறையில் லேப்டாப்பை மேசைமேல் வைத்து, சரியான உயரத்துக்கு அடியில் இரண்டு தலையணை அடுக்கினோம். மதினி இளநீலப் பருத்திப் புடவை கட்டியிருந்தார். நான் திரைக்குப் பின்னால் தரையில், காமிராவில் விழாத இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னால் காட்டுவதற்கு, மதினி அட்டையில் வட்டமாக ஒரு தோசை வெட்டி, நாலு துண்டாகப் பிரித்து, பின்னம் சொல்லிக் கொடுக்கத் தயாராக வைத்திருந்தார். விளிம்பில் பழுப்பு வண்ணம்கூட தீட்டியிருந்தார்.

திரையில் ஒரு அம்மையார், பக்கத்தில் ஒரு ஆண். அம்மையார்தான் தலைமையாசிரியை, கனிவான குரல். குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். நாங்கள் எதிர்பார்த்த முதல் கேள்வி. மதினி ஆரம்பித்தார். "மை ஹஸ்பண்ட் ஒர்க்ஸ் இன் மஸ்கட். மை ஹஸ்பண்ட் ரிப்பேர்ஸ் ஏ.சி." எஸ் ஒவ்வொன்றும் ஆணி அடித்த மாதிரி விழுந்தது. நான் தரையிலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

அந்த அம்மையாருக்கு அது சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். அப்படியா, இங்கேயேதான் இருக்கிறாரா, எங்கே தங்கியிருக்கிறார், சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார் என்று அக்கறையாகக் கேட்டார். நாங்கள் தயார் செய்யாத கேள்வி. மனுஷருக்கு மனுஷர் கேட்கிற கேள்வி. மதினியும் மனுஷியாகவே பதில் சொன்னார்.

"தே லிவ்ஸ் இன் ஒன் ரூம், மேடம். தே குக்ஸ் இன் தி நைட்."

ஓ, நண்பர்களோடு இருக்கிறாரா, அவர்கள் எத்தனை பேர் என்று அம்மையார் கேட்டார்.

மதினி ஒரு கணம் விழித்தார். அறையில் எத்தனை பேர் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஆனால் அவர் காதில் விழுந்தது, 'அவுக எத்தனை பேர்?'

"ஒன், மேடம்."

இல்லை, மொத்தம் எத்தனை பேர்?

"ஒன், மேடம். தே ஒன்லி."

பக்கத்தில் இருந்த ஆண் வாயைக் கையால் மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். அம்மையார் சிரிக்கவில்லை. இணைப்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, நான் பேசுவது கேட்கிறதா, கேட்கிறதா என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் மதினி தலையை ஆட்டினார். தலையை ஆட்டினாரே தவிர, அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து முழுதாக ஒரு வாக்கியம் வரவில்லை. வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னபோது அட்டைத் தோசையைத் தூக்கிக் காட்டினார். ஒரு துண்டை எடுத்தார், மூன்று துண்டைக் காட்டினார். கணக்கு சரிதான். பார்த்தாலே புரியும்படி இருந்தது. ஆனால் குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். திரை இருண்டதும் அதில் மதினியின் முகம் மட்டும் தெரிந்தது.

பிறகு மதினி என்னைப் பார்த்துக் கேட்டார். கோபமாக இல்லை. விடை தப்பான மாணவி டீச்சரிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"ஒரு தலைதான பிள்ள? எஸ் போட்டேன்லா?"

போட்டிருந்தார். என் சூத்திரப்படி ஒன்றுகூட விடாமல் போட்டிருந்தார். ஆளைச் சொல்லும்போது மரியாதை கொடுத்தார், அதனால் தே. தலையை எண்ணும்போது ஒன்றுதான் இருந்தது, அதனால் எஸ். இரண்டும் தனித்தனியாகச் சரி.

ரொம்ப நாள் கழித்துத்தான், ஒருநாள் அதே டவுண் பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போது எனக்கு விளங்கியது. அந்த அம்மா சொன்னது 'அவுக தூங்குதாவ'. மரியாதை என்று வந்துவிட்டால் நம் ஊர்ப் பேச்சில் ஒரு ஆள் முழுசாகக் கூட்டமாகிவிடுகிறார், வால் உட்பட. மதினியை அப்படியே விட்டிருந்தால், மனசில் இருக்கிற 'அவுக சமைக்காவ' என்பதை அப்படியே மாற்றி, 'தே குக்' என்று சொல்லியிருப்பார். அறையில் இருக்கிற ஐந்து பேரும் சேர்ந்து சமைக்கிறார்கள் என்று அம்மையார் எடுத்துக்கொண்டிருப்பார். அதுவும் பொய்யில்லை. பேச்சு அடுத்த கேள்விக்குப் போயிருக்கும். அதற்குப் பிறகு அட்டைத் தோசை. அதில் மதினியை அடிக்க ஆள் கிடையாது. நடுவில் விழுந்து தடுக்கிவிட்டது நான் கொண்டுவந்த எஸ். பஸ்ஸில் அந்த அம்மாவின் நான்கு வால்களையும் கேட்டேன். அதில் முதல் வாலை, புருஷனுக்கு ஒட்டிய 'தாவ'வை, வெறும் வாலாகத்தான் கேட்டிருக்கிறேன்.

வேறொருவரை எடுத்துவிட்டோம் என்று மின்னஞ்சல் வந்தது. அதை முதலில் படித்தது நான். அடுப்படியில் இருந்த மதினியிடம் போனை நீட்டினேன். அவர் கை மாவில் இருந்தது, நீயே வாசி பிள்ள என்றார். வாசித்தேன். சரி என்று தலையாட்டிவிட்டு மீதி மாவையும் உருட்டி முடித்தார். அன்று ராத்திரி அண்ணன் போனில், ஒண்ணும் இல்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்றான். அந்த வீட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். அந்த ஜன்னல் வைத்த வீடா என்று மதினி கேட்டார். ஆமாம் என்றான். அதற்குப் பிறகு இருவரும் ஊரில் மழை உண்டா என்று பேசிக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் யாரும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வீட்டின் வீடியோவை மதினி தன் போனிலிருந்து அழித்துவிட்டார். என் போனில் இன்னும் இருக்கிறது. நானும் சில வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். தாமிரபரணிக் கரையில், குறுக்குத்துறைப் பக்கம் சாயங்காலம் தனியாக நடந்துவிட்டு வருவேன். படித்துறையில் துணி துவைக்கிறவர்கள், குளிக்கிறவர்கள், கோயிலுக்கு வந்தவர்கள் பேசுகிற பேச்சு காதில் விழும். வாராவ, போறாவ, குளிக்காவ. முன்பெல்லாம் கேட்டால் குறித்து வைக்கத் தோன்றும். இப்போது ஒவ்வொன்றும் உறுத்தியது.

போன வாரம் அண்ணன் மறுபடியும் ஒரு செய்தி சொன்னான். வேறொரு ஊரில், இன்னொரு பள்ளிக்கூடத்தில் ஆள் எடுக்கிறார்களாம். அண்ணன் இருக்கும் இடத்திலிருந்து தூரம். மதினி அங்கே ஆசிரியைகளோடு தங்கவேண்டும், வாரத்துக்கு ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம். முதல் இடம் மாதிரி இல்லை. சேர்ந்து ஒரு வீடு என்பது இதில் கிடையாது. ஆனாலும் கடல் தாண்டி இருப்பதற்கு இது பக்கம். போனை வைத்ததும் மதினி விளக்குக்கு எண்ணெய் எடுத்துவந்தார். விளக்கேற்றுகிற நேரம். அம்மா திரியைத் தூண்டிவிட்டபடி, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"போடட்டும், எழுதிப் போடட்டும். அவன் பாத்துக்கிடுவான். நமக்குன்னு உள்ளதைத் தராமயா போயிருவான்."

எனக்குக் காது சில்லென்றது. எங்கள் அம்மா பால்காரரைக்கூட 'அவுக வந்துட்டாவ' என்பாள். பூ விற்கிறவர், கேஸ் சிலிண்டர் தூக்கிவருகிறவர் எல்லாரும் அண்ணாச்சிதான். அவள் வாயில் வளர்ந்த ஒரு ஆண்பிள்ளைக்கு 'அவன்' வந்து நான் கேட்டதில்லை, பெற்ற மகனைத் தவிர.

"ஏம்மா, தெருவுல போறவுகளுக்கெல்லாம் மரியாதை குடுக்க. சாமியை, நெல்லையப்பரைப் போயி அவன் இவன்ங்க?"

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். என்ன கேள்வி இது என்கிற பார்வை.

"அவனை அவன்னு சொல்லாம வேற எப்படிட்டி சொல்ல? அவுக இவுகன்னு சொன்னா தள்ளிப் போயிருவான்லா."

விளக்கு வெளிச்சத்தில் மதினி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் என்ன நினைக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "ஆரம்பிச்சிட்டியா பிள்ள" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

இந்த முறை சூத்திரம் எதுவும் வைத்துக்கொள்ளப் போவதில்லை. தலை எண்ணப் போவதில்லை. நாளைக் காலையில் மாடியில் உட்கார்ந்து, சாமியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். ஹீ ஸீஸ். ஹீ ஹியர்ஸ். ஹீ கிவ்ஸ். அம்மா கேட்டுக்கொண்டு போனாலும் போகட்டும். யாரைச் சொல்லுதா என்று கேட்டால் சொல்வதற்குப் பதில் இருக்கிறது. அந்தச் சொல் மதினியின் வாயில் கூசாமல் உட்கார்ந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கவேண்டும். அப்பாவிடம் இப்போதைக்குப் போகவேண்டாம். பூனை அங்கே உட்கார்ந்திருக்கும்.

அண்ணன் அடுத்த தடவை போன் பண்ணும்போது, அவனை ஸ்பீக்கரில் போட்டு, அவன் கேட்க மதினியை ஒரு வாக்கியம் சொல்லச் சொல்வேன். ஒன்று போதும். ஹீ குக்ஸ். அவன்தான் தினமும் ராத்திரி சமைக்கிறான். மதினிக்கு வாய் வராமல் போகலாம். வராவிட்டால் போனை வைத்துவிட்டு, மறுபடியும் கோயிலிலிருந்து ஆரம்பிப்போம்.